நம்ம பன்னீர் திராட்சையோட அப்பன் ஆத்தா யாரு, அதுல என்ன ஒயின் வரும்

கோயமுத்தூர்ல ஒயின் திராட்சைன்னு பேச்செடுத்தா உடனே கேபர்னே, ஷிராஸ்ங்கற சிவப்பு ஒயின் ரகங்க, மகாராஷ்டிராவுல ஒயினுக்குப் பேர்போன நாசிக்குன்னு போயிடுவாங்க. சிறுவாணி ரோட்டோரம் தள்ளுவண்டில குமிச்சு வெச்சு விக்கற பன்னீர் திராட்சைய அந்த வரிசைல யாரும் சேக்க மாட்டாங்க, அது ஜூஸ் கடைக்கும் ஆஸ்பத்திரில ஆளப் பாக்கப் போறவங்க பைக்கும் போற பழம்னு தான் நெனப்பு. ஆனா அதுவும் ஒயின் திராட்சை தானுங்க, அதும் நல்ல வம்சத்துல வந்தது. வெளியூர்ல இதுக்கு மஸ்கட் ஹாம்பர்க்னு பேரு, அமெரிக்காவுல பிளாக் மஸ்கட்னு சொல்றாங்க, மஸ்கட்ங்கறது மணக்கற திராட்சை வம்சம் ஒண்ணோட பேரு. கலிஃபோர்னியாவுல இதுல இனிப்பு ஒயின் போடறாங்க, கிரீஸ்ல இதைக் காய்ச்சி வடிக்கறாங்க, சீனாவுல பெரிய கம்பெனியே இதை நம்பி நடந்துச்சு, பிரான்ஸ்ல தின்கற பழமா வெச்சே இதுக்குத் தனி அந்தஸ்து குடுத்திருக்காங்க.

நான் சொல்ல வர்றது ஒண்ணு தான். இந்தப் பழத்துல நாம குறைன்னு சொல்ற சமாச்சாரம் எல்லாம், அதாவது கலர் சரியா ஏறாதது, ஒரே கொத்துல பெருசும் சிறுசுமா காய்க்கறது, வீட்டுல ஒயின் போட்டா வெளிறிப் போறது, இதெல்லாம் பாதி அதோட பெத்தவங்ககிட்ட இருந்து வந்தது, மீதி நாம வளக்கற விதத்துல வர்றது. அதைப் பிரிச்சுப் பாத்தா இதுல எந்த மாதிரி ஒயின் நல்லா வரும், எது வரவே வராதுன்னு தன்னால வெளங்கிரும்.

பேருல ஹாம்பர்க் இருக்குதே தவிர இது பொறந்தது இங்கிலாந்துல. பெட்ஃபோர்ட்ஷயர்னு ஒரு ஜில்லா, அங்க ரெஸ்ட் பார்க்னு ஏர்ல் டி கிரேங்கற பிரபுவோட பெரிய எஸ்டேட், அந்தத் தோட்டத்தப் பாத்துக்கிட்டு இருந்தவர் சீவர்ட் ஸ்நோ. 1850 வாக்குல அவர் தான் இந்தச் செடிய உருவாக்குனவரு. அந்தக் காலத்துப் பணக்கார வீடுகள்ல திராட்சைக்குன்னே கண்ணாடி வீடு கட்டி, நிலக்கரி எரிச்சு, சுடுதண்ணி குழாய் ஓட விட்டு, குளிர்நாட்டுல வெயில் காலத்த வரவெச்சுப் பழம் எடுப்பாங்க, விருந்துல மேசை மேல பெரிய கொத்து வெக்கறது ஒரு கௌரவம். ஸ்நோவும் அப்படி ஒரு கண்ணாடி வீட்டுல தான் வேலை பாத்தாரு, பிளாக் ஹாம்பர்க்குங்கற கறுப்புத் திராட்சையோட பூவுல மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியாங்கற வெள்ளைத் திராட்சையோட மகரந்தத்தப் போட்டு வந்த விதைல முளைச்ச செடின்னு சொன்னாரு. தோட்டக்காரங்க அப்படிச் சொல்றது ரொம்பத் தப்பிப் போகும், காத்துல வேற மகரந்தம் வந்து விழுந்திருந்தா யாருக்குத் தெரியும், அந்தக் காலத்துல எழுதி வெச்ச வம்சாவளி பலதும் டிஎன்ஏ வந்ததுக்கு அப்புறம் பொய்யாப் போச்சு. இவரு விசயத்துல அப்படி ஆகல. 2003ல இத்தாலில மன்னா கிரெஸ்பான்ங்கற ஆராய்ச்சியாளர் டிஎன்ஏ எடுத்துப் பாத்து, ரெண்டு பெத்தவங்களும் அதே ரெண்டு தான்னு எழுதிட்டாங்க. நூத்தம்பது வருசம் கழிச்சு ஒரு தோட்டக்காரரோட பேச்சு நின்னுருக்குதுங்கறது எனக்கு இன்னைக்கும் பெரிய விசயமாப் படுது.

இப்ப அந்தப் பெத்தவங்களப் பாப்போம், ஏன்னா நம்ம கேள்விக்குப் பாதி பதில் அங்க தான் இருக்குது.

பிளாக் ஹாம்பர்க்குங்கறது இங்கிலீஷ்காரங்க கூப்பிடற பேரு. அது இத்தாலியோட வடக்குல, ஆல்ப்ஸ் மலை ஓரத்துல தெற்கு டைரோல் பக்கம் இருக்கற ஸ்கியாவா குரோசா, ஜெர்மனில வூர்ட்டம்பெர்க் பக்கம் இதே செடி டிரோலிங்கர். பெரிய கொத்து, பெரிய காய், நல்ல மகசூல், ஆனா ஒயின் போட்டா லேசான சிவப்பு தான் வரும். அந்த ஊர்க்காரங்க அதைக் குறையா நெனைக்கறதில்ல, சில்லுன்னு வெச்சு இளசுலயே குடிச்சு முடிச்சுருவாங்க. இந்தச் செடியோட ஆயுசு எப்படின்னு பாக்கணும்னா லண்டன் பக்கத்துல ஹாம்டன் கோர்ட் அரண்மனைக்குப் போகணும், அங்க 1768ல நட்ட ஒரே ஒரு பிளாக் ஹாம்பர்க் கொடி இன்னும் கண்ணாடி வீட்டுக்குள்ள படர்ந்து கிடக்குது. உலகத்துலயே பெரிய திராட்சைக் கொடின்னு கின்னஸ்ல பேரு இருக்குது, வருசத்துக்குச் சராசரியா 270 கிலோவுக்கு மேல பழம் குடுக்குதாம். திப்பு சுல்தான் பட்டத்துக்கு வர்றதுக்கு முன்னாடி நட்ட கொடி இன்னைக்கும் காய்க்குது.

இன்னொரு பக்கம் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா. இது மத்தியதரைக் கடல் ஓரமெல்லாம் பரவி இருக்கற பழைய வெள்ளைத் திராட்சை, ஸ்பெயின்ல மாலகா பக்கம் உலர்திராட்சை போடறது இதுல, இத்தாலில பாண்டெல்லேரியா தீவுல வெயில்ல காயவெச்சு இனிப்பு ஒயின் எடுக்கறதும் இதுல தான். இதுவும் தனியா வந்த செடி இல்ல, சின்னக் காய் வெள்ளை மஸ்கட்டுக்கும் கிரேக்கத் தீவுகள்ல ஹெப்டாகிலோன்னு சொல்ற கறுப்புத் திராட்சைக்கும் பொறந்தது. மணம்னா இதுகிட்ட தான் இருக்குது. ஆனா இதோட பெரிய தொல்லை, பூ பூக்கறப்ப சூடு பத்தலன்னா காய் சரியாப் பிடிக்காது. பாதி பூ உதிரும், பிடிச்சதுல சிலது பட்டாணி அளவுலயே நின்னு போயிரும். கண்ணாடி வீட்டுத் தோட்டக்காரங்க கொத்தக் கையால தடவி விட்டு, தட்டி விட்டு மகரந்தம் சேரப் பாடுபட்டது இதுக்காகத் தான்.

ரெண்டையும் சேத்து வெச்சுப் பாருங்க. கொத்தோட பெருக்கமும் கறுப்புக் கலரும் ஒரு பக்கத்துல இருந்து, மணமும் நீளவாட்டமான காயும் இன்னொரு பக்கத்துல இருந்து. அம்மாகிட்ட இருந்து வந்த கறுப்பும் ஆழமான கறுப்பு இல்ல. அப்பன்கிட்ட இருந்து காய் பிடிக்கறதுல இருக்கற சண்டித்தனமும் கூடவே வந்துருச்சு. நம்ம காட்டுல பன்னீர் திராட்சைக் கொத்துல பெருங்காய்க்கு நடுவுல குருணை மாதிரி பச்சைக் காய் நிக்கறதப் பாத்து உரம் பத்தல, தண்ணி பத்தலன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க, அதுவும் உண்டு, ஆனா ரகத்தோட குணமே பாதி அது.

இதோட ஒண்ணுவிட்ட சொந்தமெல்லாம் உலகம் பூரா இருக்குது. டிரோலிங்கரையும் ரீஸ்லிங்கையும் சேத்து 1929ல ஜெர்மனில உருவாக்குனது கெர்னர். அர்ஜென்டினாவோட பேரு வாங்கின வெள்ளை ஒயின் டொர்ரோன்டெஸ், அதுக்கு அலெக்சாண்ட்ரியா தான் ஒரு பக்கம். ஜப்பான்ல கவாகாமி ஜென்பெய்ங்கறவர் 1927ல நீகாத்தாவுல நம்ம பன்னீரையே, அதாவது மஸ்கட் ஹாம்பர்க்கையே பெய்லிங்கற அமெரிக்க ரகத்தோட சேத்து மஸ்கட் பெய்லி ஏன்னு ஒண்ணு எடுத்தாரு, இன்னைக்கு ஜப்பானோட முக்கியமான சிவப்பு ஒயின் திராட்சை அது. மழையும் ஈரமும் ஜாஸ்தியான ஊருக்கு மணத்த மட்டும் இதுல இருந்து எடுத்துக்கிட்டு, நோய் தாங்கற தெம்ப அமெரிக்கச் செடிகிட்ட எடுத்துக்கிட்டாரு. நமக்கும் அந்த வழி யோசிக்க வேண்டிய வழி தான்.

நம்மூருக்கு எப்படி வந்துச்சுன்னு கேட்டா, தேனி பக்கம் சொல்ற கதை ஒண்ணு இருக்குது: 1832ல ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டாந்தாருன்னு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023ல புவிசார் குறியீடு கெடச்சப்ப எல்லாப் பேப்பர்லயும் இந்த வருசத்தத் தான் போட்டாங்க. ஆனா கணக்குப் பாருங்க, ஸ்நோ இந்தச் செடிய எடுத்ததே 1850 வாக்குல. 1832ல உலகத்துலயே இல்லாத செடிய ஒருத்தர் எப்படிக் கம்பத்துல நட்டிருக்க முடியும்? பாதிரியார் திராட்சை நட்டாருங்கறது நம்பற மாதிரி தான் இருக்குது. பூசைக்குச் சுத்தமான திராட்சை ஒயின் தான் வேணும்ங்கறது கத்தோலிக்கச் சபையோட சட்டம், அதனால போன எடமெல்லாம் பாதிரியாருங்க கொடி நட்டிருக்காங்க. நம்ம கோயமுத்தூர் மறைமாவட்டமே பாரீஸ் மிஷன்ங்கற பிரெஞ்சுப் பாதிரியார் சபை கைல வளந்தது. ஆனா அந்த வருசம் சரின்னா அன்னைக்கு நட்டது வேற ரகம், இன்னைக்கு நாம பன்னீர்னு தின்கறது அதுக்கப்புறம் வந்தது. ரெண்டும் ஒண்ணுன்னு எழுதறது தப்பு. புவிசார் குறியீட்டுக்கு இதனால ஒரு கொறையும் இல்ல, அது மண்ணுக்கும் வளக்கறவங்க கைக்கும் குடுத்தது, ஆனா வரலாறுன்னு எழுதறப்ப வருசம் ஒத்துப் போகணும்.

சரி, பழத்தக் கைல எடுப்போம். மார்க்கெட்ல கறுப்புத் திராட்சைன்னு ரெண்டு வகை வரும், ஒண்ணு பன்னீர், இன்னொண்ணு பெங்களூர் புளூ, நெறைய பேரு ரெண்டையும் ஒண்ணாவே நெனச்சு வாங்கறாங்க. ஒரு காய எடுத்து காம்புப் பக்கமா விரல்ல அமுக்குங்க. பெங்களூர் புளூன்னா உள்ள இருக்கற சதை ஒரே உருண்டையா, ஜெல்லி மாதிரி வழுக்கிட்டு வெளிய வந்துரும், தோலு காலியா விரல்ல நிக்கும். அது அமெரிக்கக் காட்டுத் திராட்சையோட ரத்தம், இசபெல்லான்னு வெளியூர்ல சொல்ற ரகம் அது தான், ஸ்ட்ராபெர்ரி மிட்டாய் மாதிரி ஒரு வாசம் வரும். பிரான்ஸ்ல 1930கள்ல சட்டம் போட்டே தடை பண்ணுன ரகங்கள்ல இசபெல்லாவும் ஒண்ணு. பன்னீர்ல தோலு அப்படிக் கழண்டு வராது, சதையோட ஒட்டிக்கிட்டு கிழியும், சாறு கைல வழியும், அந்தச் சாறுல கலரே இருக்காது, தெளிஞ்ச பச்சைல கொஞ்சம் மஞ்சள் கலந்தாப்ல. கறுப்பெல்லாம் தோல்ல தான். இப்ப அந்தத் தோல மட்டும் வாயில போட்டு நல்லா மென்னு பாருங்க, முதல்ல ரோசாப்பூ வாசம் மூக்குக்கு ஏறும், அப்புறம் நாக்கோரம் லேசாத் துவர்க்கும். கொட்டைய மென்னா இன்னும் துவர்க்கும். ஒயினுக்குத் தேவையான சமாச்சாரம் எல்லாம் அந்த ஒரு காய்க்குள்ள எங்கெங்க இருக்குதுன்னு அதுலயே தெரிஞ்சு போச்சு: இனிப்பும் புளிப்பும் சதைல, கலரும் மணமும் தோல்ல, துவர்ப்பு தோல்லயும் கொட்டைலயும்.

அந்த மணத்துக்குக் காரணம் டெர்பீன்னு சொல்ற எண்ணெய் வகைங்க, முக்கியமா லினலூல், ஜெரானியால், நெரோல். ஜெரானியால் ரோசா எண்ணெய்லயும் இருக்குது, அதனால தான் அந்த வாசம். லினலூல் நம்ம அடுப்படிலயே இருக்குது, கொத்தமல்லி விதைல வர்ற எண்ணெய்ல பெரும்பங்கு அது தான். எல்லாத் திராட்சைலயும் இதெல்லாம் கொஞ்சூண்டு இருக்கும், மஸ்கட் வம்சத்துல ஒரு ஜீன்ல நடந்த சின்ன மாத்தத்தால இது கன்னாபின்னான்னு சுரக்குது. இதுல ஒரு நுணுக்கம் என்னன்னா டெர்பீன்ல ஒரு பெரிய பங்கு சர்க்கரையோட ஒட்டிக்கிட்டு வாசமே இல்லாம தூங்கிட்டு இருக்கும், நொதிக்கறப்பவும் ஒயின் இருந்து பழகறப்பவும் கொஞ்சம் கொஞ்சமா அவிழ்ந்து வெளிய வரும். அதே சமயம் வருசம் போகப் போக லினலூல் வேற ஒண்ணா மாறி வாசம் மங்கிப் போயிரும். அதனால மஸ்கட் ஒயின வருசக்கணக்கா மூடி வெச்சா பெரும்பாலும் நட்டம் தான், இளசா இருக்கறப்ப குடிக்கணும். திராட்சை ஒயின் பழசானா தான் ருசின்னு நம்மூர்ல ஒரு நம்பிக்கை இருக்குது, இந்த ரகத்துக்கு அது பொருந்தாது.

இனி நம்ம பக்கத்து வளப்பு. தொண்டாமுத்தூர், தீத்திபாளையம், மாதம்பட்டி பக்கமெல்லாம் கல்லுக்கால் நட்டு மேல கம்பி கட்டிப் பந்தல் போட்டுத் தான் கொடி ஏத்துவாங்க. ஐரோப்பாவுல குளிர்காலம் வந்தா கொடி இலைய உதுத்துட்டுத் தூங்கிரும், வசந்தத்துல முழிச்சு ஒரு தடவ காய்க்கும், அவ்வளவு தான். நமக்குக் குளிர்காலம்னு ஒண்ணு இல்லையே, கொடி பாட்டுக்குப் பச்சையா நின்னுட்டே இருக்கும், காய்க்கணும்னு அதுக்கு அவசரமே இல்ல. அதைக் கவாத்து பண்ணித் தான் எழுப்பி விடணும். இந்த ரகத்துக்கு நாலு மொட்டு விட்டு வெட்டணும்னு நம்ம வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட பரிந்துரை, மார்கழி தை வாக்குல வெட்டுனா சித்திரை வைகாசில அறுப்பு, வைகாசி ஆனில வெட்டுனா ஆவணி புரட்டாசில அறுப்பு, ஆக வருசத்துக்கு ரெண்டு வெள்ளாமை. மகாராஷ்டிராவுல ரெண்டு தடவ கவாத்து பண்ணுவாங்க, ஆனா அறுப்பு ஒண்ணு தான், முதல் கவாத்து கொடியத் தேத்தறதுக்கு மட்டும். நாம ரெண்டு தடவையும் பழம் கேக்கறோம்.

இங்க தான் ஒயினுக்கும் நமக்கும் இடிக்குது. ஹெக்டேருக்கு வருசம் 30 டன்னுன்னு இந்த ரகத்துக்கு மகசூல் கணக்குச் சொல்றாங்க. பிரான்ஸ்ல போர்டோ பக்கம் நல்ல சிவப்பு ஒயின் போடறவங்க சுமாரா ஏழெட்டு டன்னத் தாண்ட விட மாட்டாங்க. ஒரு கொடிக்கு இருக்கற இலை அதே இலை, வெயில் அதே வெயில், அது செய்யற சர்க்கரையும் கலரும் நாலு மடங்கு காய்க்குப் பங்கு போனா ஒவ்வொரு காய்லயும் கம்மியாத்தான இருக்கும். தின்கற பழத்துக்கு அது போதும், நல்ல பழம் தான். ஒயினுக்குப் பத்தாது. அதோட வெயில், பகல்ல 35 டிகிரிக்கு மேல போச்சுன்னா தோல்ல கலர் உருவாகறதே தடுமாறும், ராத்திரியும் சூடா இருந்தா புளிப்பு எரிஞ்சு போகும். அதனால நம்ம கோடை அறுப்புல பழம் இனிப்பா இருந்தும் கொத்துல அங்கங்க செவப்பாவே நிக்கற காய் ஜாஸ்தியா இருக்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வீசற மாசங்கள்ல கொஞ்சம் தணியும், ஆனா அந்தக் காத்தோட சிறுவாணி அடிவாரத்துல தூறலும் வரும், பழுக்கற நேரத்துல தூறல் பட்டா காய் வெடிக்கும், வெடிச்ச காய்ல பூசணம் பிடிச்சுக் கொத்தே போயிரும். கொடி வளக்கறவங்க ராத்தூக்கம் கெடறது இந்த நாளுங்கள்ல தான்.

அடிச்சாம்பல் நோய்க்கு நாம அடிக்கற போர்டோ கலவை, அதான் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலக்கறது, அதுவும் ஒயின் தோட்டத்துல பொறந்தது தான். 1878 வாக்குல அமெரிக்காவுல இருந்து அந்த நோய் பிரான்ஸுக்குப் போய்ச் சேந்துச்சு. போர்டோ பக்கம் மெடாக்ல ரோட்டோரக் கொடில போற வர்றவங்க பழம் பறிக்காம இருக்கட்டும்னு தோட்டக்காரங்க நீலமா ஒண்ணத் தெளிச்சு வெச்சிருந்தாங்க, அந்தக் கொடிங்க மட்டும் நோயில்லாம நிக்குதேன்னு கவனிச்சவர் மில்லார்டேங்கற பேராசிரியர், 1885ல அதைச் சோதிச்சுப் பாத்து வெளியிட்டாரு. இன்னைக்குத் தீத்திபாளையத்துல பாக்குக்கும் அதைத் தான் அடிக்கறோம்.

பந்தல் வெச்சிருக்கற பெரியவர் ஒருத்தர் எங்கிட்ட சொன்னது இன்னும் ஞாபகம் இருக்குது. "கண்ணு, தோலு கறுத்துருச்சுன்னு அறுத்துடாத, கொட்டையக் கடிச்சுப் பாரு, பச்சையா இருந்தா இன்னும் நாலஞ்சு நாள் விடோணும், பழுப்பாகி நறுக்குன்னு ஒடஞ்சா தான் பழம்." ஒயின் படிப்புல சொல்றதும் அச்சு அசலா இது தான். கொட்டை பச்சையா இருந்தா அதுல இருக்கற கசப்பு கரகரன்னு ஒயின்ல இறங்கும், பழுப்பானா அடங்கிரும். ஆனா யாவாரி லாரி நிக்க வெச்சுட்டு அறுக்கச் சொன்னா எந்த விவசாயி கொட்டையக் கடிச்சுப் பாத்துட்டு நிப்பாரு?

கிறிஸ்துமஸுக்கு நம்ம பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகள்ல ஜாடில போடற திராட்சை ஒயின் இந்தக் கணக்கோட நேரடியாச் சம்பந்தப்பட்டது. பழம், சர்க்கரை, கொஞ்சம் கோதுமை, பட்டை, கிராம்பு, ஈஸ்ட், பீங்கான் ஜாடில போட்டுத் துணி கட்டி மூணு வாரம் தினமும் கிண்டி விடுவாங்க. ஏன் அவ்வளவு சர்க்கரைன்னு கேட்டா ருசிக்குன்னு சொல்வாங்க, ருசி மட்டும் இல்லைங்க. ஒரு லிட்டர் சாறுல 17 கிராம் சர்க்கரை நொதிச்சா ஆல்கஹால் ஒரு சதவீதம் ஏறும். நம்ம மார்க்கெட் பழம் 17 பிரிக்ஸ்ல, அதாவது சாறுல சுமாரா 17 சதவீதம் சர்க்கரை இருக்கறப்ப, அறுத்ததுன்னு வெச்சுக்குங்க, அப்படியே போட்டா ஒன்பது பத்து சதவீதத்துல நின்னுரும், லேசான, தண்ணியான ஒயின், வெயில் ஊர்ல சீக்கிரம் காடியாயிரும். அந்தக் கொறைய நம்ம பாட்டிங்க சர்க்கரை போட்டு அடைச்சாங்க. கலர் பத்தலன்னு சர்க்கரையக் கருக்கி ஊத்தறதும் இதே கணக்கு தான், பன்னீரோட தோல்ல இருக்கற கலர் அவ்வளவு தான், எத்தனை நாள் ஊற வெச்சாலும் ஷிராஸ் கறுப்பு வராது. ஊற வெக்க வெக்கத் துவர்ப்பு தான் ஏறும். லைசென்ஸ் இல்லாம ஒயின் போடறது தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டத்துல குத்தம்ங்கறதையும் சொல்லிடறேன், நான் இங்க செய்முறை சொல்லித் தரல, ஏன் அப்படி ஆகுதுன்னு தான் சொல்றேன்.

மணக்கற திராட்சைல கறுத்த, துவர்த்த, இனிப்பே இல்லாத சிவப்பு ஒயின் போட்டா ஏன் நல்லா இருக்கறதில்லன்னா, மூக்கு ரோசாப்பூன்னு சொல்லுது, நாக்கு இனிப்ப எதிர்பாக்குது, வாய்க்குள்ள போனா துவர்ப்பும் கசப்பும் தான் முன்னாடி வருது. அதனால இந்த ரகத்தப் புரிஞ்சுக்கிட்ட ஊர்க்காரங்க எல்லாரும் வேற வேற வழில அந்தத் துவர்ப்பத் தவிர்த்திருக்காங்க. கலிஃபோர்னியாவுல மடேரா பக்கம் குவேடின்னு ஒரு ஒயினரி, எலிசியம்னு ஒரு ஒயின் போடறாங்க, பாதி நொதிக்கறப்பவே திராட்சைச் சாராயம் சேத்து நொதிக்கறத நிறுத்திடுவாங்க, இனிப்பு மிச்சம் நிக்கும், ரோசாவும் லிச்சியுமா மணக்கும், ஆல்கஹால் 15 சதவீதம். சீனாவுல தியான்ஜின் பக்கம் பிரெஞ்சு ரெமி மார்ட்டின் கம்பெனியோட சேந்து 1980ல ஆரம்பிச்ச டைனஸ்டி, கறுப்புப் பழத்தத் தோலு படாமப் பிழிஞ்சு அதே திராட்சைல வெள்ளை ஒயின் எடுத்தாங்க. நான் மேல சொன்ன அந்தக் கலரில்லாத சாறு தான் அது. கிரீஸ்ல தெஸ்ஸலி ஜில்லா டிர்னாவோஸ்ல இதைக் காய்ச்சி சிபுரோன்னு ஒரு சாராயம் எடுக்கறாங்க, கலர், துவர்ப்பு ரெண்டும் சட்டியிலயே தங்கிரும், மணம் மட்டும் ஆவில ஏறி வரும். பிரான்ஸ்காரங்க ஒரு படி மேல போய், வென்டூ மலை அடிவாரத்துல வெளையற மஸ்கட் ஹாம்பர்க்க ஒயினாக்காம மேசைப் பழமாவே வெச்சு 1997ல அதுக்கு ஒயினுக்குக் குடுக்கற அதே ஊர்ப்பேர் அந்தஸ்தக் குடுத்துட்டாங்க. அங்க ஒரு கொத்துல இருக்கற சின்னக் காய், வெடிச்ச காய் எல்லாத்தையும் கத்தரிக்கோல்ல எடுத்துட்டுத் தான் பெட்டில அடுக்குவாங்க. நாம அதே பழத்த சாக்கு மேல கொட்டி, மேல பூத்திருக்கற அந்த வெள்ளை மாவெல்லாம் அழிஞ்சு போற மாதிரி கையால தள்ளி விக்கறோம். அந்த மாவு மருந்து இல்லைங்க, காயோட சொந்த மெழுகு, அது அழியாம இருந்தா தான் பழம் ரெண்டு நாள் கூட நிக்கும்.

நம்ம பக்கத்துல பந்தல் கொறைஞ்சுட்டே வருதுங்கறது கண்ணால பாக்கறது தான். ஆள் கிடைக்கறதில்ல, மருந்துச் செலவு, போருல தண்ணி எறங்கிப் போறது, வெல நிலையில்லாதது, மலையோரத்துல யானை, இதெல்லாம் சேந்து பந்தலப் பிரிச்சுட்டு பாக்கும் தென்னையும் வெச்சுட்டாங்க. யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா மிச்சம் இருக்கற கொஞ்சப் பேரு கிலோவுக்கு யாவாரி சொல்ற வெலைக்கு மட்டும் நம்பி இருக்கறதுக்கு இந்த ரகத்துல அவசியமே இல்லைங்கறது என்னோட எண்ணம், ஏன்னா இதுகிட்ட இருக்கற மணம் பைசா போட்டு வாங்க முடியாத மணம்.

முறையா லைசென்ஸ் எடுத்து யாராவது இங்க ஒயின் போடறதுன்னா, கேபர்னே மாதிரி ஆழ்ந்த சிவப்பு எதிர்பாத்து இதை வாங்கக் கூடாது. ஆவணி புரட்டாசி அறுப்ப விட கோடை அறுப்பு தான் மழைக்குத் தப்பும், அதுல காய் பட்டாணி அளவு இருக்கறப்பவே பாதிக் கொத்த வெட்டித் தள்ளிட்டு, மிச்சத்த 20 பிரிக்ஸ் தாண்டற வரைக்கும், கொட்டை பழுப்பாகற வரைக்கும் விடணும். விடியக் காலம் வெயில் ஏறதுக்குள்ள அறுத்து, குளிர்ல ஒரு ராத்திரி தோலோட ஊற வெச்சா மணமும் இளஞ்சிவப்புக் கலரும் வந்துரும், துவர்ப்பு ஏறதுக்குள்ள பிழிஞ்சு எடுத்துரணும். சில்லுன்னு மெதுவா நொதிக்க விட்டு, கொஞ்சம் இனிப்பு மிச்சம் இருக்கறப்பவே நிறுத்தி, மரப் பீப்பாய் பக்கமே போகாம எவர்சில்வர் டேங்குலயே வெச்சு பாட்டில் பண்ணணும். மரத்தோட வாசம் இந்த மணத்த அமுக்கிரும். வர்றது ஒரு ரோஸே, அதாவது இளஞ்சிவப்பு ஒயின், வந்த வருசத்துலயே வித்து முடிக்கற மாதிரி அளவாப் போட்டா போதும்.